தசரதனை யாரும் சந்தேகப்படவில்லை

"போ கண்ணு, போ. அம்மா தேடும்."

வாட்ச்மேன் மரியகுழந்தை இப்படிச் சொல்லி, தசரதனின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, அவனைத் தங்கச் சுரங்கத்தின் கேட்டுக்கு வெளியே அனுப்பிவைத்தார். தொடர்ந்து இது பன்னிரண்டாவது நாள்.

தசரதன் நாலடி நடந்து, திரும்பி நின்று பார்த்தான். பின்னால் வந்த சிரிலை மரியகுழந்தை அப்படி விடவில்லை. முண்டாசை அவிழ்க்கச் சொன்னார். உதறச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் எட்டிப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கச் சொல்லி அக்குளைத் தட்டினார். கடைசியில், முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே கட்டியிருந்த மூங்கிலை ஒரே தாண்டாகத் தாண்டச் சொன்னார். மடியில் தங்கக் கல் ஏதாவது ஒளித்திருந்தால் அந்தத் தாண்டலில் தெறித்து விழுந்துவிடும். அடுத்து கோவிந்தன். அவனுக்கும் ஒரு மரியாதை குறையவில்லை.

இரண்டு பேரும் முண்டாசைச் சுற்றிக்கொண்டே வந்த வருகை இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளைகள் தோற்றுப்போவார்கள்.

"இன்னிக்கும் உன்ன உட்டுட்டாரா?" என்றான் சிரில், ரொம்ப வருத்தப்படுகிறவன் போல.

"அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு," என்றான் தசரதன்.

"எங்க நாக்குக்கு அடியில எறும்பு இருந்தாக்கூடக் கண்டுபுடிக்கிறாரு. உன்னப் பாக்குறப்ப மட்டும் மங்கிப்பூடுதா?" என்றான் கோவிந்தன்.

மூன்று பேருக்கும் பதினைந்து வயது. மூன்று பேருக்கும் ஒரே வேலை. பாறையில் துளை போட்டு மழுங்கிப்போன இரும்புக் கம்பிகளைச் சுரங்க வாயிலிருந்து கொல்லுப் பட்டறைக்குச் சுமக்க வேண்டும். கூராக்கியதும் திரும்பச் சுமக்க வேண்டும். பார்க்கப்போனால் சிரிலைவிடத் தசரதன் இரண்டு மாதம் மூத்தவன். ஆனால் அவன் முகம் அப்படி. உருண்டைக் கன்னம், பெரிய கண், சிரித்தால் குழி. போகிற வருகிற பெண்பிள்ளைகள் எல்லாம் அந்தக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள். பாவம், அவன் என்ன செய்வான்?

தொழிலாளர்கள் குடியிருக்கும் பாலகாட் லைன் வீடுகளுக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து வந்த கழிவுக் கல் மலைபோலக் கொட்டிக் கிடக்கும். அதன் உச்சியில் மூன்று பேருக்கும் மூன்று பாறை. வேலை விட்டதும் அங்கே உட்கார்ந்துதான் உலக விஷயங்களுக்கு அவர்கள் தீர்ப்பு எழுதுவார்கள். அன்றைக்கு வந்த வழக்கு, ஆம்பளை என்பவன் யார் என்பது.

"மீசை வெச்சவன்," என்று தொடங்கினான் கோவிந்தன்.

"போடா. நம்ம மேஸ்திரிக்கு இந்தாத்தண்டி மீசை. பொண்டாட்டி பேர் சொன்னாலே முட்டி ஆடுது," என்றான் சிரில்.

"அப்போ அழுவாதவன்."

"எங்க அப்பா ஞாயித்துக்கெழம பிரசங்கம் கேட்டாவே அழுவாரு. அவர் ஆம்பள இல்லியா?" சிரிலுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் சொல்றேன் கேளு. கம்பெனி எவனப் பாத்துப் பயப்படுதோ, அவன்தான் ஆம்பள. இவன உட்டா தங்கத்த அடிச்சுகினு பூடுவான்னு தோணணும். மீச பொய் சொல்லும், கொரலு பொய் சொல்லும். வாட்ச்மேன் கண்ணு பொய் சொல்லாது."

தசரதன் விடவில்லை.

"கல்லு ஒடைக்கிற பொம்பளைங்களயுந்தான் அந்தாண்ட கேட்ல ஆயா சோதன போடுறாங்க. அப்போ எங்க அம்மாவும் ஆம்பளையா?"

சிரிலுக்குக் கோவிந்தன்தான் கைகொடுத்தான்.

"உங்க அம்மா ஆம்பளதான்டா. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. உன்மேலதான் சந்தேகம்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சிரில் தீர்ப்பைச் சொன்னான். வருகிற சனிக்கிழமைக்குள் தசரதனை ஒரு தரமாவது வாட்ச்மேன் சோதனை போட வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனுக்குக் கல்மேட்டில் இடம் கிடையாது. கீழே கோலி ஆடுகிற சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அன்று செவ்வாய்க்கிழமை. மிச்சம் இருந்தது நாலே நாள்.

புதன்கிழமை தசரதன் ரயில் ரோட்டோரம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கறுப்புக் கல்லைப் பொறுக்கினான். ஷிப்ட் சங்கு ஊதியதும் அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டான். கன்னம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. இதைப் பார்த்தும் சந்தேகப்படாதவன் வாட்ச்மேனே இல்லை என்று நினைத்தான். கண்ணை வேறு இப்படியும் அப்படியும் உருட்டினான், திருடன் மாதிரி.

மரியகுழந்தை பார்த்ததும் பதறிப்போனார்.

"மாதாவே! இன்னா கண்ணு, கன்னம் இப்டி வீங்கிகீது? வலி பொறுக்காம கண்ணு வேற சொருவுதே!"

"ம்ம்," என்றான் தசரதன். வாயைத் திறந்தால் கல் விழுந்துவிடும்.

"பேசாத, பேசாத. சீழ் புடிச்சிருக்கும். வா என்னோட."

கேட்டை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று கடைவீதிக்கு இழுத்துப்போனார். அங்கே மர நிழலில் குறடும் உப்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு பல் பிடுங்குகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாயைத் திற என்று அவர் அதட்டிய அதட்டில் தசரதன் கல்லை விழுங்கிவிட்டான்.

"வீக்கம் வடிஞ்சிருச்சே!" என்றார் பல் பிடுங்குகிறவர்.

"உள்ளார எறங்கியிருக்கும். நீ பிடுங்கு," என்றார் மரியகுழந்தை.

"எந்தப் பல்லுப்பா?"

ஏதோ ஒரு பல்லைக் காட்டித்தான் ஆக வேண்டும். வலி இல்லை என்று சொன்னால் கன்னம் ஏன் வீங்கியது என்று கேட்பார்களே! பின்னால் இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்று ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினான். முத்து மாதிரி நல்ல பல். அது வெளியே வருவதற்குள் அவன் தன் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுவிட்டான்.

கல்மேட்டில் விஷயத்தைக் கேட்ட கோவிந்தன் கேட்டான்: "விழுந்தது பால் பல்லா?"

வியாழக்கிழமை தசரதனால் கஞ்சி தவிர எதுவும் சாப்பிட முடியவில்லை. அதனால் என்ன? வாயில் வைத்தால்தானே வம்பு. இடுப்பில் வைப்போம் என்று முடிவு செய்தான். ஒரு பழந்துணியைச் சுருட்டி வேட்டிக்குள் மடியில் கட்டிக்கொண்டான். கேட்டுக்கு வரும்போது இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு, குனிந்து, பம்மிப் பம்மி நடந்தான். தங்கம் கடத்துகிறவன் அப்படித்தான் நடப்பான் என்பது அவன் எண்ணம்.

மரியகுழந்தைக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நேத்து பல்லு, இன்னிக்கு வயிறா? கெட்ட ரத்தம் எறங்கிருச்சு போலயே! தம்பிங்களா, வழி உடுங்கப்பா, கொழந்த வர்து!"

ஐம்பது அறுபது ஆம்பளைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். நடுவில் தசரதன் துணிமூட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மூங்கிலுக்குப் பக்கத்தில் வந்ததும் தாண்டுவதற்குக் காலைத் தூக்கினான். மரியகுழந்தை அவனை அப்படியே இடுப்போடு தூக்கி, அலுங்காமல் அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.

அதோடு விட்டாரா? கல் உடைக்கிற இடத்துக்கு ஆள் அனுப்பி, அவன் அம்மா கங்கம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டார்.

கங்கம்மா அன்றே மூன்று கரண்டி விளக்கெண்ணெயைக் காய்ச்சி, மகனின் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். ராத்திரி முழுக்க அவன் பட்ட பாட்டை நான் சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை வேலை விடுகிற நேரத்தில் கேட்டுக்கே வந்து நின்றாள், இடுப்பில் கஞ்சிப் பானையோடு.

"அம்மா, போம்மா. எல்லாரும் பாக்குறாங்க," என்றான் தசரதன், பல்லைக் கடித்துக்கொண்டு. இருந்த பல்லைத்தான்.

"பாக்கட்டும். வயித்துல ஒண்ணும் இல்லாம பூட்டுது. வாயத் தொற."

"வாணாம்மா!"

"தொறடா ராஜா."

ஷிப்ட் மொத்தமும் பார்க்க, சிரிலும் கோவிந்தனும் பார்க்க, கங்கம்மா மகனுக்குக் கஞ்சி ஊட்டினாள். கடைசி வாய்க்குப் பிறகு முந்தானையால் வாயும் துடைத்துவிட்டாள்.

இனி மிஞ்சியிருந்தது சனிக்கிழமை மட்டும்.

சனிக்கிழமை காலையில், பட்டறையில் துருத்தி ஊதுகிற ஆளிடம் தசரதன் மெதுவாகப் போய் நின்றான். அந்த ஆளிடம் ஒரு விஷயம் போனால், கேஜ் என்கிற கூண்டில் ஏறி, சுரங்கக் குழியின் அடிமட்டம் வரைக்கும் இறங்கிவிடும் என்பது ஊருக்கே தெரியும்.

"அண்ணே, ஒரு சந்தேகம். தங்கத்த முழுங்கிட்டா இன்னா ஆவும்?"

துருத்தி நின்றது.

"ஏன்டா கேக்குற?"

"சும்மாதான். யாருக்கும் சொல்லிடாதண்ணே."

பத்து மணிக்கு, தசரதன் பட்டாணி அளவு தங்கம் முழுங்கியிருந்தான். பன்னிரண்டு மணிக்கு அது எலுமிச்சங்காய் அளவானது. மூன்று மணிக்கு, சுரங்கத்தை மேற்பார்க்கும் காப்டன் டக்ளஸ் துரையின் காதுக்குப் போனபோது, லைன் பையன் ஒருவன் ஒரு வாரமாகத் தவணை போட்டு முழுங்கிக்கொண்டிருக்கிறான் என்று ஆகியிருந்தது.

சங்கு ஊதியது. கேட்டில் துரையே நின்றார். பக்கத்தில் இரண்டு பியூன்கள். ஒருவரையும் வெளியே விடவில்லை.

"தசரதன் யாரு? முன்னால வா!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவன் சந்தோஷமாக முன்னால் போனான். முண்டாசை அவிழ்த்தார்கள். தலைமயிரைப் பிரித்துப் பார்த்தார்கள். காது, மூக்கு, அக்குள், கால்விரல் இடுக்கு எல்லாம் பார்த்தார்கள். மூங்கிலைத் தாண்டச் சொன்னார்கள். ஒரு தரம் சொன்னதற்கு மூன்று தரம் தாண்டினான். ஒவ்வொரு தரமும் சிரிலும் கோவிந்தனும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். சிரிலுக்கே இப்படிப்பட்ட சோதனை கிடைத்ததில்லை!

ஒன்றும் அகப்படவில்லை. டக்ளஸ் துரை குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். அவர் தன் சமையற்காரனிடம் தமிழ் கற்றவர்.

"நீ தங்கம் சாப்பிட்டான்?"

"இல்லீங்க தொரை."

துரை மரியகுழந்தையைப் பார்த்தார். மரியகுழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"புதங்கெழம கன்னம் வீங்கியிருந்துச்சுங்க. வாயத் தொறந்தா வீக்கத்தக் காணோம். வியாழக்கெழம வயித்தப் புடிச்சுகினு நடந்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தான் சொல்வது எங்கே போய் நிற்கிறது என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது. கன்னம், தொண்டை, வயிறு. வரிசை கச்சிதமாக இருந்தது. கூட்டம் 'ஹா' என்றது.

"இவன் அப்பா யார்?" என்றார் துரை.

சுரங்கத்துக்குள் நாலாவது லெவலில், பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற ராஜப்பா, உடம்பெல்லாம் புழுதியோடு முன்னால் வந்தார். தங்கம் திருடியிருந்தால் பையனுக்குப் போலீஸ், அப்பாவுக்கு வேலை இல்லை, லைன் வீட்டைத் திங்கட்கிழமை காலி செய்ய வேண்டும் என்று பியூன் சத்தமாகச் சொன்னான்.

தசரதன் தன் நைனாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பயம் இருந்தது.

அவ்வளவுதான். அதுவரை சேர்த்துவைத்திருந்த ஆம்பளைத்தனம் எல்லாம் கண் வழியாகக் கொட்டியது.

"தங்கம் இல்லீங்க தொரை! வெறும் கல்லு! என்ன மட்டும் யாருமே சோதன போட மாட்டேன்றாங்க. என்னப் பாத்தா யாருக்குமே சந்தேகம் வர மாட்டேன்னுது. ஒரே ஒரு தரம் சோதன போட்டா நானும் ஆம்பளைன்னு... அதுக்குத்தாங்க கல்ல வாயில வெச்சேன். பல்லு கூட நல்ல பல்லுதாங்க!"

"ஐயோ, நல்ல பல்லா?" என்று மரியகுழந்தை தலையில் கைவைத்துக்கொண்டார்.

துரைக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியையும் அவர் நம்பவில்லை.

"சோதனை ஆசை? யாருக்கு ஆசை? பொய்! விளக்கெண்ணெய் கொண்டு வா!"

"எதுக்குத் தொரை இன்னொரு தரம்?" கூட்டத்தைப் பிளந்துகொண்டு கங்கம்மா வந்தாள். "நான் வியாழக்கெழமயே குடுத்துட்டேன். கல்லு அன்னிக்கே வந்துருச்சு. இன்னா எழவோன்னு கழுவி, கொட்டாங்கச்சியில போட்டு வெச்சிருக்கேன். எடுத்தாரட்டுமா?"

டக்ளஸ் துரை இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆனால் வேலை வேலைதானே? பியூன் ஓடிப்போய்க் கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்தான். துரை அதைத் தொடாமல், குனிந்து, பூதக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ரயில் ரோட்டுக் கல்," என்றார்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு ஷிப்ட் மொத்தமும் சிரித்தது. துரை தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "போ, போ. கல் சாப்பிடாதே. சோறு சாப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜப்பா மகனை அடிக்கவில்லை. கீழே கிடந்த முண்டாசை எடுத்து உதறி, அவன் தோளில் போட்டார்.

"பன்னெண்டு வருசமா நான் தெனமும் அந்த மூங்கிலத் தாண்டுறேன்டா. ஒரு நாளாவது தாண்டாம, பேசாம நடந்து வூட்டுக்கு வர மாட்டமான்னு இருக்குது எனக்கு. நீ இன்னாடான்னா அதுக்கு ஆசப்பட்டு பல்ல உட்டுட்டு வந்து நிக்கிற." அவன் முகவாயை நிமிர்த்தி, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

"ரொம்ப வலிச்சுது நைனா."

"வா. அம்மா முன்னால பூட்டா."

தசரதன் திரும்பிப் பார்த்தான். சிரிலையும் கோவிந்தனையும் காணோம். மூங்கில் தாண்டும்போது முன்வரிசையில் நின்றவர்கள், அவன் அழத் தொடங்கியதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டம் சிரித்தபோது அவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எந்தப் பக்கம் போனார்கள் என்றே தெரியவில்லை. ஊர் முன்னால் அழுத தன்னைக் கூட்டாளி என்று சொல்லிக்கொள்ளவே அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது என்று நினைத்தான் தசரதன். கல்மேட்டில் அவன் பாறை இனிமேல் வேறு யாருக்கோ. ஆம்பளை ஆகாவிட்டாலும் போகிறது, அந்த இரண்டு பேரும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது?

நைனாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கேட்டருகே தயங்கி நின்றான். மரியகுழந்தை மூங்கிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா."

"இன்னா கண்ணு? பல்லு விசயத்துக்கு என்ன மன்னிச்சுடுறா. மாதா மேல ஆண, எனக்குத் தெரியாது."

"அத்த உடு பெரியப்பா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அவனுங்களும் பட்டறைதான், நானும் பட்டறைதான். அவனுங்க மூஞ்சியில இன்னா கீது? என் மூஞ்சியில இன்னா இல்ல?"

மரியகுழந்தை அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்த உருண்டைக் கன்னத்தில், பல் போகாத பக்கமாகப் பார்த்து, ஒரு தட்டுத் தட்டினார்.

"மூஞ்சியில ஒண்ணும் இல்ல கண்ணு. பட்டறைப் பசங்களச் சோதன போடச் சொல்லி எனக்கு உத்தரவே கெடையாது. அவனுங்க ரெண்டு பேரும் தெனம் காலையில என் ஆட்டுக்கு ஆளுக்கொரு கட்டு தழை ஒடிச்சாந்து போட்டு, 'எங்களச் சோதன போடு பெரியப்பா'ன்னு கால்ல விழாத கொறையா கெஞ்சுறானுங்க!"